ஐந்து வண்ணமும் ஒரு தண்ணீரும்

திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு போன் அடித்தபோது டீச்சர் அட்டையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் பன்னிரண்டு குழந்தைகள், ஆளுக்கொரு மீன். ஏழாவது மீனின் வாலில் கத்தரிக்கோல் நின்றது. திரையில் பெரியம்மாவின் எண் தெரிந்ததால், "என்ன பெரியம்மா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்தாள்.

பேசியது ஆண்குரல். "டீச்சர், நான் அவங்க மகன். அம்மா போய்ட்டாங்க. நாலு மணி வாக்குல நெஞ்சு அடைக்குதுன்னாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அதற்கு என்ன பதில் சொன்னோம் என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. போனை வைத்தாள். மிச்ச மீன்களையும் வெட்டினாள். எண்ணினால் பதின்மூன்று வந்தது. மறுபடி எண்ணினாள், பதின்மூன்றுதான். கணவர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்து, "யாரு காலங்காத்தால?" என்றார். சொன்னாள். "அடக் கடவுளே! கொஞ்சம் உக்காரு நீ" என்றார். அவள் உட்காரவில்லை. அட்டைத் துணுக்குகளைக் கூட்டினாள், அடுப்பைத் துடைத்தாள், துடைத்த அடுப்பையே இன்னொரு முறை துடைத்தாள். உட்கார்ந்தால் போன புதன்கிழமை நினைவுக்கு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பெரியம்மா அந்த மழலையர் பள்ளியின் உதவியாளர். மூக்குத் துடைப்பது, தரை துடைப்பது, வண்ணம் கரைப்பது, அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஜன்னலைச் சாத்துவது எல்லாம் அவர் வேலை. ஒன்பது வருடமாகச் செய்தார். அதற்கு முன்பு பதினொரு வருடம் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இருந்தார். லாரி ஓட்டப் போன கணவர் ஒருநாள் திரும்பி வரவில்லை. விபத்தா, இன்னொரு குடும்பமா என்று அக்கம்பக்கத்தில் நோண்டிக் கேட்டவர்களிடம், "எதுவா இருந்தா என்ன, துவைக்கிற துணியில பாதி குறைஞ்சுது" என்று வாயை அடைத்துவிடுவார். ஒற்றை ஆளாக மகனை வளர்த்து எலக்ட்ரீஷியன் ஆக்கினார். "என் பையன் வீட்ல பல்பு எரிஞ்சா ஆச்சரியம்" என்று அவனையும் விடமாட்டார்.

ஆசிரியர் அறையில் அவருக்குக் கஞ்சப் பெரியம்மா என்று பெயர். காரணம் இருந்தது. வகுப்பில் இரண்டு மேசை, மேசைக்கு ஆறு குழந்தைகள். வண்ணம் தீட்டும் நேரத்தில் பெரியம்மா ஒரு மேசைக்கு ஐந்தே கிண்ணம்தான் வைப்பார், கிண்ணத்துக்கு ஒரு வண்ணம். ஐந்து பிள்ளைகள் முன்னால் ஐந்து கிண்ணம், ஆறாவது பிள்ளை முன்னால் ஒரு தண்ணீர் ஜக். சிவப்பு வேண்டும் என்றால் சிவப்புக்காரியிடம் போய்க் கேட்க வேண்டும். பிரஷ்ஷைக் கழுவ வேண்டும் என்றால் தண்ணிக்காரியிடம் போக வேண்டும். கத்தரிக்கோல் மூன்று பேருக்கு ஒன்று. பசை மேசைக்கு ஒரு டப்பா. டீச்சர் கேட்டால், "இருக்கிறத வச்சுத்தானே டீச்சர் ஓட்டணும்" என்பார். "எனக்கு!" "முதல்ல நான்!" "அவ தரமாட்டேங்கறா!" என்று தினமும் பத்து மணிக்கு வகுப்பில் சந்தை கூடும். டீச்சருக்கு மண்டையிடிக்கும்.

அந்தச் சந்தையில் ஒரே ஒரு குழந்தைதான் வாய் திறக்காதது. நாலு வயது. சட்டையின் முதல் பொத்தானை எப்போதும் திருகிக்கொண்டே இருப்பதால் பெரியம்மா அவளைப் பொத்தான் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. வீட்டில் வாயாடி என்று அவள் அம்மா சத்தியம் செய்தாள். பள்ளி வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு. சேர்ந்து ஐந்து மாதம் ஆகியும் வேறொரு குழந்தையிடம் ஒரு சொல் பேசியதில்லை. தலைமையாசிரியை கெடு வைத்திருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை அவரே வந்து வகுப்பில் உட்காருவார். மற்ற பிள்ளைகளோடு ஒட்டுகிற அடையாளம் எதுவும் தெரியாவிட்டால், ஊரின் மறுகோடியில் தனி வகுப்பு உள்ள பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். அங்கே போக இரண்டு பஸ். பொத்தானின் அம்மாவுக்கு ஒரு பேக்கரியில் காலை வேலை. இரண்டு பஸ் என்றால் அந்த வேலை போய்விடும்.

இனி அந்தப் புதன்கிழமை. பொத்தானின் மேசையில் தண்ணீர் ஜக் எப்போதும் பொத்தான் முன்னால்தான் இருக்கும். அடுத்த மேசையில் நாளுக்கொரு பிள்ளை மாறும், இங்கே மட்டும் மாறாது. அன்று அதைக் கவனித்த டீச்சருக்குச் சுருக்கென்றது. ஐந்து பிள்ளைகள் வண்ணம் தீட்ட, வாயில்லாத பிள்ளை தினமும் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றுகிறது! பிள்ளைகள் முன்னாலேயே கேட்டுவிட்டாள். "என்ன பெரியம்மா இது? எதிர்த்துக் கேக்க மாட்டாங்கறதுக்காக அவள வேலைக்காரியாட்டம் ஆக்கி வச்சிருக்கீங்களா?"

பெரியம்மா அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரி டீச்சர்" என்று ஜக்கை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டார். வியாழனும் வெள்ளியும் வேலைக்கு வந்தார். "ஆச்சு", "வச்சிட்டேன்", "வரேன்" என்பதைத் தவிர அவளிடம் வேறு பேசவில்லை. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை அதிகாலை நாலு மணிக்கு நெஞ்சடைத்தது.

அன்று பிற்பகல் அடக்கத்துக்கு இருபது பேர்போல வந்திருந்தார்கள். டீச்சருக்கு அங்கேயும் கால் தரையில் நிற்கவில்லை. நாற்காலி போட்டாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், யாரோ போட்ட காகிதக் கோப்பையைப் பொறுக்கினாள். சுவரோரம் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, "நீயும் இப்படி உக்காரேன்மா, பாக்கிற எனக்கே மூச்சு வாங்குது" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்க பெரியம்மாவுக்கு என்ன உறவு?"

"உறவா? நான் அவளோட எதிர்முனை" என்றார் அந்தப் பெண்மணி. "சலவைக்கூடத்துல படுக்கைவிரிப்பு மடிக்கிற வேலை. அவ அந்த நுனி, நான் இந்த நுனி. பதினொரு வருஷம். மொத ஆறு மாசம் அவ மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் அப்படித்தான். ஆனா அத்தாம் பெரிய விரிப்ப ஒத்தை ஆளா மடிக்க முடியுமா? 'இழு', 'விடு', 'மூலையப் பாரு'ன்னு சொல்லித்தானே ஆகணும்? அப்படியே பேச்சு வந்து ஒட்டிக்கிச்சு. அப்புறம் அவ வாய மூடத்தான் ஆள் தேவைப்பட்டுது." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பு முடியும் முன்பே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. டீச்சர் அவருக்கும் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் எழுந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கே பள்ளிக்கு வந்து, ஒன்பது வருடமாகப் பெரியம்மாவின் ஆட்சியில் இருந்த அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில், பழைய திரைச்சீலைக்குப் பின்னால் மூன்று பிஸ்கட் டின்கள். முதல் டின்னில் இருபத்தொரு பிரஷ். இரண்டாவதில் ஐந்து கத்தரிக்கோல். மூன்றாவதில் பசை டப்பாக்கள், மூடிகூடத் திறக்காதவை. அவற்றின் பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிண்ணங்கள், ஒரு கோபுரம். எல்லாம் பளிச்சென்று கழுவித் துடைத்தவை.

"அநியாயக் கஞ்சம் பெரியம்மா நீங்க!" என்று வாய்விட்டுச் சொன்னாள். சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே அழுகை வந்தது. அழுதுகொண்டு நிற்கவும் முடியவில்லை. இனி இந்த வகுப்பில் எந்தக் குழந்தைக்கும் எதுவும் குறையக் கூடாது என்று முடிவு செய்தாள். பன்னிரண்டு தட்டு எடுத்தாள். தட்டுக்கு ஐந்து கிண்ணம், ஒரு பிரஷ், ஒரு கத்தரிக்கோல், ஒரு பசை, சின்னக் கோப்பையில் தண்ணீர். பற்றாத கத்தரிக்கோலைக் கடையில் வாங்கி வந்தாள். ஒவ்வொரு தட்டிலும் அந்தந்தக் குழந்தையின் படத்தை ஒட்டினாள். இதைவிட நல்ல காரியம் பெரியம்மாவுக்குச் செய்ய முடியாது என்று அப்போது அவள் நம்பினாள்.

பத்து மணிக்குச் சந்தை கூடவில்லை. பன்னிரண்டு தலைகள் பன்னிரண்டு தட்டின் மேல் கவிழ்ந்திருந்தன. அந்தப் பக்கம் போன தலைமையாசிரியை கதவில் நின்று, "அட, இது நம்ம பள்ளிக்கூடம்தானா? வழி தவறி வங்கிக்குள்ள வந்துட்டேனா?" என்றார். டீச்சருக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை புதன்கிழமை பதினொரு மணிவரை தாங்கியது.

அதன்பின் ஏதோ உறுத்தத் தொடங்கியது. என்னவென்று பிடிபடவில்லை. மேசைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். யாரும் அழவில்லை, அடிக்கவில்லை, புகார் சொல்லவில்லை. நிழற்குடையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப்போல அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். பொத்தான் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, எல்லாருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் ஒரு புகார் வந்தது. கொண்டுவந்தவள் ரேடியோ. தூங்கும்போது தவிர வாய் ஓயாத பெண், பொத்தானின் மேசைதான்.

"டீச்சர், எங்கிட்ட யாருமே எதுவுமே கேக்க மாட்டேங்கறாங்க."

"உனக்கு என்னடா கண்ணு வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். எங்கிட்ட கேக்கணும்." ரேடியோவின் கண் கலங்கிவிட்டது. "நான்தானே சிவப்பு? இப்ப எல்லார்கிட்டயும் சிவப்பு இருக்கு. அப்ப நான் யாரு?"

டீச்சர் அவளுக்கு அந்த அட்டை மீன்களில் ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலை பொத்தானின் அம்மா வாசலில் பிடித்துக்கொண்டாள். பேக்கரியிலிருந்து ஓடி வந்திருந்தாள், முழங்கைவரை மாவு. "நாளைக்குத்தானே டீச்சர் அது? பெரியம்மா இருந்தா தைரியமா இருப்பேன். 'பயப்படாத, அவளுக்கு ஒரு வேலை குடுத்திருக்கேன், அவ யார்கிட்டயும் போக வேணாம், எல்லாரும் அவகிட்ட வந்துதான் ஆகணும்'னு சொன்னாங்க. அது என்ன வேலை டீச்சர்? இவ வீட்டுக்கு வந்ததும் விரலை மடக்கி மடக்கிச் சொல்லுவா. இன்னைக்கு அஞ்சு பேரும் எங்கிட்ட வந்தாங்க, ரேடியோ நாலு தடவ வந்தா, சிங்கம்ங்கற பையன் நன்றி சொன்னான்னு. அதுதான் எங்க வீட்டுச் செய்தி அறிக்கை." சற்று நிறுத்தினாள். "போன வாரத்துலேர்ந்து ஒண்ணும் சொல்றதில்ல. நான் கேட்டா, 'யாரும் வரல'ங்கறா."

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருடமாக அலமாரியில் பூட்டி வைத்திருந்தது பிரஷ் அல்ல. ஒன்றைக் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் காத்திருப்பதற்கும் சண்டை போட்டுத் தீர்ப்பதற்கும் பிள்ளைகளுக்கு ஒரு காரணத்தைப் பெரியம்மா வேண்டுமென்றே வைத்திருந்தார். பேச வராத பிள்ளைக்கு, பேசாமலே எல்லாருக்கும் வேண்டியவளாக இருக்கிற ஓர் இடத்தைக் கொடுத்திருந்தார். அதைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தது, சமத்துவம் பேசிய இவள்.

உள்ளே ஓடினாள். தட்டுகளையெல்லாம் எடுத்தாள். மேசைக்கு ஐந்து கிண்ணம் வைத்தாள், ஜக்கைப் பொத்தான் முன்னால் வைத்தாள். நினைத்ததுபோல நடக்கவில்லை. இரண்டு நாள் ராஜாவாக இருந்தவர்கள் மூன்றாம் நாள் பங்காளியாகச் சம்மதிப்பார்களா? "என் தட்டு எங்க?" என்று ஒரே கூப்பாடு. மேசைக்கடியில் இருந்து மட்டுமே பேசுகிற அந்தச் சிங்கம் கர்ஜித்துக்கொண்டே இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்தான். ரேடியோ மட்டும் சிவப்பை அணைத்துக்கொண்டு, "வரிசையா வாங்க!" என்று கத்தினாள். யாரும் வரவில்லை.

பொத்தான் ஜக்கைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

டீச்சர் அவள் முன்னால் மண்டியிட்டாள். "அது உன் வேலைதான்டா தங்கம். நான்தான் புரியாம எடுத்துட்டேன். தப்பு என்னோடது." பொத்தான் அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள். பெரியம்மா வழக்கமாக அந்தக் கதவு வழியாகத்தான் வண்ணம் கரைத்துக்கொண்டு வருவார். பெரியம்மா இனி வரமாட்டார் என்று செவ்வாய்க்கிழமையே எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லியாயிற்று. இருந்தாலும் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் டீச்சர் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "இப்படியே நடந்திருந்தா இந்நேரம் அடுத்த ஊருக்குப் போயிருப்ப" என்றார் கணவர். அவள் நின்று, "நான் அவங்கள வேலைக்காரின்னு சொல்லிக் காட்டின மாதிரி ஆகிடுச்சு இல்ல?" என்றாள். எதைப் பற்றி என்று அவருக்குப் புரியவில்லை. "சாப்பிடு முதல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை. தலைமையாசிரியை குழந்தை நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். டீச்சர் ஜக்கை நிரப்பினாள். பதற்றத்தில் விளிம்புவரை நிரப்பிவிட்டாள். பெரியம்மா எப்போதும் பாதிதான் நிரப்புவார், நாலு வயதுக் கை தாங்க வேண்டுமே. அது மேசையில் வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மாற்ற நேரமில்லை.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பொத்தான் பொத்தானைத் திருகினாள். தண்ணீர் கொடுக்க ஆளில்லாததால் பிரஷ்கள் கழுவாமலே கிண்ணம் மாறின. சிங்கத்தின் மஞ்சள் பச்சையாகி, பச்சை சேறாயிற்று. தலைமையாசிரியை நோட்டில் எழுதத் தொடங்கினார். என்ன எழுதுகிறார் என்று டீச்சரால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை.

ரேடியோ எழுந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பொத்தான் முன்னால் போய் நின்றாள்.

"ஏய் பொத்தான். என் சிவப்பு பாரு, அசிங்கமாயிடுச்சு. பெரியம்மா இல்லன்னா நீ கடைய மூடிடுவியா?"

பொத்தான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். உண்மையாகவே அசிங்கமாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து கைகள் முன்னால் வந்தன. ஜக்கைத் தூக்கினாள். நிறைந்த ஜக் அவள் பலத்துக்கு மேல் கனத்தது. ஒரு பக்கம் சாய்ந்து, மேசையில் கொட்டி, தரையில் வழிந்து, தலைமையாசிரியையின் செருப்பில் ஓடியது. டீச்சர் பாய்ந்தாள். அதற்குள்,

"கீழ பிடி! விழுது!"

வகுப்பில் யாரும் அதுவரை கேட்டிராத குரல். சற்றுக் கரகரப்பான, அதிகாரமான குரல். ரேடியோ ஜக்கின் அடியில் கை கொடுத்தாள். "பிடிச்சிட்டுத்தானே இருக்கேன், ஏன் கத்தற?" என்று, தினமும் பேசிக்கொள்கிறவளிடம் சலித்துக்கொள்வதுபோலச் சலித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து சாய்த்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் கொஞ்சமும் கிண்ணத்துக்குள் கொஞ்சமும் ஊற்றினார்கள். பின்னால் சிங்கம் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி.

தலைமையாசிரியை நனைந்த காலைத் தூக்கிக்கொண்டு, "அவளா பேசினா இப்ப?" என்றார்.

"அவதான்."

"மொத வார்த்தையே அதட்டலா? ஹ்ம்." பேனாவை மூடினார், திறந்தார். "ஒரு தடவ பேசினத வச்சு நான் என்ன எழுதறது, சொல்லு?"

"அவ இதுக்கு முன்னாடியே பழக ஆரம்பிச்சிட்டா மேடம். பெரியம்மா அந்த ஜக்க வச்சுப் பழக்கிட்டு இருந்தாங்க. நடுவுல புடுங்கினது நான். தெரியாம, எல்லார் முன்னாடியும் அவங்களத் திட்டிட்டு. அதையும் எழுதிக்கோங்க." சொல்லி முடித்தபோதுதான், இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லவில்லை என்பது அவளுக்குச் சுட்டது.

"கஞ்சப் பெரியம்மான்னு பேர் வச்சதே நான்தான்" என்றார் தலைமையாசிரியை மெதுவாக. நோட்டில் ஏதோ எழுதி, கிழித்து, மறுபடி எழுதினார். "மூணு மாசம். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும். அவ அம்மாகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு ஒரு துணி குடு."

டீச்சர் இரண்டு துணி எடுத்து வந்தாள். சிறியதை அவரிடம் கொடுத்தாள். பெரியதை விரித்து, ஒரு நுனியைப் பொத்தானிடமும் மறுநுனியை ரேடியோவிடமும் கொடுத்து, "ரெண்டு பேரும் தரையத் துடைச்சிட்டு வாங்க" என்றாள். அவர்கள் மேசைக்கு இந்தப் பக்கம், அலமாரிவரை இழுத்து இழுத்துத் துடைத்தார்கள். மேசையைச் சுற்றி வளையும்போது ரேடியோ எதையோ காதில் சொன்னாள். பொத்தான் பதிலுக்கு எதையோ நீளமாகச் சொன்னாள். இரண்டு பேரும் துணியோடு மேசைக்கடியில் போய்ச் சிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னல் பக்கத்துத் தரையை யாரும் துடைக்கவில்லை, டீச்சரும்தான்.